பேசுவதா, பேசாமல் இருப்பதா: குற்ற வழக்கில் முதல்முறை சிக்கியவருக்கு

ஒரு குற்ற வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டால் போதும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். "உள்ளதைச் சொல்லிடு, விட்டுருவாங்க" என்பார் ஒருவர். "என்ன ஆனாலும் வாயே திறக்காதே" என்பார் இன்னொருவர். இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வழக்கின் எந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதை இருவருமே யோசிப்பதில்லை. காவல் நிலையத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதால் வழக்கில் பெரும்பாலும் நஷ்டம் எதுவும் இல்லை. சாட்சி விசாரணையெல்லாம் முடிந்து நீதிபதியே கேட்கும்போது மூடிக்கொண்டிருந்தால், சில வழக்குகளில் அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி அந்தக் கட்டங்கள் எப்படி வரும், எங்கே என்ன செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

அடிப்படை என்ன?

அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு ஒற்றை வரிதான்: குற்றம் சாட்டப்பட்ட எவரையும் அவருக்கு எதிராக அவரே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக இருக்க வேண்டும், கட்டாயம் இருக்க வேண்டும், கேட்பது உங்களையே சிக்க வைக்கும் தகவலாக இருக்க வேண்டும். நீங்களாக விரும்பிப் பேசினால் இந்தப் பிரிவு தடுக்காது.

சினிமாவில் கைது செய்யும்போது "பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு" என்று அதிகாரி ஒப்பிப்பாரே, அது 1966இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்ட விதி. இங்கே காவல்துறை அப்படி ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் சட்டப் புத்தகத்தில் இல்லை. உரிமை இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் வந்துவிட்டன. எண்கள் மாறின, சரக்கு பெரும்பாலும் பழையதுதான். நீதிமன்ற வளாகத்தில் இன்னும் பழைய எண்களைத்தான் வாய்ப்பாடு மாதிரி சொல்கிறார்கள் என்பதால் இரண்டையும் தருகிறேன்.

காவல் நிலையத்தில்

முதலில், பெயரும் விலாசமும் கேட்டால் சொல்லிவிடுங்கள். மௌன உரிமை அதற்கு இல்லை. மறுத்தால், சாதாரணமாக வாரண்ட் தேவைப்படும் சிறு குற்றத்தில்கூட அதையே காரணமாக வைத்துக் கைது செய்யலாம்.

அடுத்து, எந்த நிலையில் அழைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சாட்சியாகவா, சந்தேக நபராகவா? சம்மன் அல்லது நோட்டீஸ் இருந்தால் நகல் வாங்குங்கள். சாட்சியாக அழைக்கப்பட்டவர் பெண்ணாகவோ, 15 வயதுக்குக் குறைந்தவராகவோ, 60 வயதைக் கடந்தவராகவோ இருந்தால் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரணை அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 161(2), புதிய 180(2). ஒரிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி சொத்துக் குவிப்பு விசாரணையில் எழுத்தில் கொடுக்கப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தர மறுத்தார். மறுத்ததற்காகவே தனி வழக்குப் போட்டார்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கியது. இந்தப் பாதுகாப்பு நீதிமன்றத்தில் மட்டுமல்ல, காவல்துறை விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த வழக்கில் மட்டுமல்ல, வேறு வழக்கில் மாட்டிவிடக்கூடிய பதிலையும் மறுக்கலாம். ஆனால் மொத்தமாக "எதற்கும் பதில் கிடையாது" என்று கையைக் கட்டிக்கொள்ள முடியாது; சிக்க வைக்காத கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

எது சிக்க வைக்கும், எது வைக்காது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முதல்முறை போகிறவரால் பிரித்துப் பார்க்க முடியாது. "அன்னைக்கு ராத்திரி எங்கே இருந்தீங்க?" சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருக்கும். "வீட்டில்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுவீர்கள். உண்மையில் ஒன்பது மணிக்கு மருந்து வாங்க வெளியே போயிருப்பீர்கள். உங்கள் செல்போன் எந்த டவரில் இருந்தது என்ற விவரம் பத்து நாள் கழித்து அவர்கள் கைக்கு வரும். அன்று முதல் நீங்கள் பொய் சொன்னவர். அதனால் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "வழக்கறிஞரைக் கலந்து பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன்." மரியாதையாக, திரும்பத் திரும்ப அதையே. பொய் மட்டும் வேண்டாம். மௌனத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் சொன்ன பொய்யைக் காக்க எதுவும் இல்லை.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் உரிமை கிடையாது (பழைய 41டி, புதிய 38). வசதி இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணையோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம். காவலில் இருக்கிறவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு.

"பேசாவிட்டால் ஜாமீன் கிடைக்காது, ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவோம்" என்ற மிரட்டல் எல்லா ஊரிலும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதாலேயே ஒருவர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று சொல்ல முடியாது என 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாமீன் மனுவில் இதை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். கூப்பிட்ட தேதிக்கெல்லாம் போய் உட்கார்ந்ததற்கான ஆதாரம் கையில் இருந்தால் இந்த வாதத்துக்குப் பலம் கூடும்.

எதை மறுக்க முடியாது

கைரேகை, கையெழுத்து மாதிரி, கால்தடம், ரத்தம். 1961இல் காத்தி காலு ஓகட் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்து, இவை சாட்சி சொல்வதில் சேராது என்று தீர்த்துவிட்டார்கள். குரல் மாதிரியும் எடுக்கலாம் என்று 2019இல் வந்தது. உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் கேள்வி கேட்பது), மூளை வரைபடச் சோதனை மூன்றுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். 2010இல் செல்வி வழக்கில் அது முடிவானது. "ஒன்றும் செய்யாதவர் சோதனைக்கு ஏன் பயப்பட வேண்டும்" என்று கேட்பார்கள். பயப்படத்தான் வேண்டும், வழக்கறிஞரைக் கேட்காமல் சம்மதம் கொடுக்காதீர்கள். போனின் கடவுச்சொல் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. அதையும் கேட்டவுடன் அழுத்திக் கொடுத்துவிடாமல் வழக்கறிஞரிடம் விடுங்கள்.

ஒப்புதல் வாக்குமூலம்

காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, இப்போது 23. இதைக் கேள்விப்பட்டவர்கள், "எப்படியும் செல்லாதே, எழுதிக் கொடுத்துவிட்டு அடி வாங்காமல் தப்பிக்கலாம்" என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுக் குற்ற வழக்குக் கட்டு எதைப் புரட்டினாலும் வாக்குமூலத்தின் கடைசியில் ஒரே அச்சில் வார்த்தது போல ஒரு வரி இருக்கும்: "என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்த இடத்தைக் காட்டி, எடுத்து ஆஜர்படுத்துகிறேன்." அந்த வரிக்காகத்தான் மொத்த வாக்குமூலமும்.

காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாகச் செல்லும் (பழைய 27). எவ்வளவு செல்லும் என்பதற்கு 1947இல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) புலுக்குரி கொட்டையா வழக்கில் போட்ட கோடுதான் இன்றும் அளவுகோல். "கத்தியை வீட்டுக் கூரையில் மறைத்து வைத்திருக்கிறேன்" செல்லும். "அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்" செல்லாது. ஆனால் முதல் பாதியே போதும், பொருளும் உங்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பும் பதிவாகிவிடும். எனவே பொருள் இருக்கும் இடத்தைப் பற்றிய பேச்சுதான் காவல் நிலையத்தில் பேசுவதிலேயே ஆபத்தானது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்காத தாளிலும் வேண்டாம். சாதாரண விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது (பழைய 162, புதிய 181). வற்புறுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால் முதல் ரிமாண்டின்போதே, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு உங்களை நிறுத்தும்போதே, நடுவரிடம் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொன்ன கதை மாதிரி ஆகிவிடும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வழி, கிராம நிர்வாக அலுவலர் முன் ஒப்புதல். முன்பின் பழக்கமில்லாத அவரிடம் குற்றவாளி தானாகப் போய் எல்லாவற்றையும் கொட்டினார் என்று வழக்கு நிற்கும். அவர் காவல் அதிகாரி இல்லை என்பதால் அந்தத் தடை இதற்குப் பொருந்தாது. அறிமுகமே இல்லாதவரிடம் ஏன் போய்ச் சொன்னார் என்று நீதிமன்றங்கள் கேட்பதுண்டு. ஆனாலும் அது கட்டில் ஏறிவிட்டால் உடைக்கும் வேலை உங்கள் தலையில்தான். இதே கணக்கில், சிறையில் பக்கத்தில் படுத்திருப்பவர், மச்சான், வாட்ஸ்அப் குழு யாரிடமும் வழக்கைப் பேச வேண்டாம். வழக்கறிஞரிடம் சொன்னதை யாரும் வெளியே இழுக்க முடியாது.

நடுவர் முன் ஒப்புதல் (பழைய 164, புதிய 183) முழுதாகச் செல்லும், எனவே அதன் எடை வேறு. ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம் என்று நடுவர் முதலில் எச்சரித்தாக வேண்டும். அங்கே வந்த பிறகு "எனக்குச் சொல்ல விருப்பமில்லை" என்றால், அதன்பின் உங்களைக் காவல்துறைக் காவலுக்கு அனுப்பக் கூடாது என்றும் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. மனம் மாறிச் சொல்லாமல் போனால் வெளியே என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவர்களுக்காகவே வைத்த விதி அது.

போதைப்பொருள், அமலாக்கத்துறை

போதைப்பொருள் சட்டத்தின் 67ஆம் பிரிவில் அதிகாரி எழுதி வாங்கிய ஒப்புதலும் செல்லாது என்று 2020இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் முடிவானது. அமலாக்கத்துறை அப்படியில்லை. பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவுச் சம்மனுக்குப் போய்க் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும், அவர்கள் காவல் அதிகாரிகள் அல்ல என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே மேலே சொன்ன எதையும் அப்படியே நம்பிப் போகாதீர்கள். முதல் சம்மனுக்கே வழக்கறிஞர் வேண்டும்.

குற்றச்சாட்டு வனையும் நாள்

நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். "மறுக்கிறேன், விசாரணை வேண்டும்" என்றால் போதும், கதை சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுமே சொல்லாமல் நின்றாலும் விசாரணை கேட்டதாகத்தான் கொள்வார்கள்.

சாட்சி விசாரணை நடக்கும் மாதங்களில் நீங்கள் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் உங்கள் வழக்கறிஞர் உங்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். நீதிமன்றப் பேச்சில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது நீங்கள். குறுக்கு விசாரணையில் "எதிரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தள்ளினார் என்றால் சரிதானே?" என்று அவர் கேட்டுவிட்டால், நீங்கள் அந்த இடத்தில் இருந்ததும் தள்ளியதும் உங்கள் தரப்பே சொன்னதாக ஆகிவிடும். அப்படிக் கேட்பது எதிரியைக் கட்டுப்படுத்தும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தக் கதையில் வழக்கை நடத்தப்போகிறோம் என்பதை முதல் சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

313 கேள்வி

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் வரும் கட்டம் இது. 313 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு, புதிய எண் 351. ஒவ்வொரு சாட்சியும் உங்களுக்கு எதிராகச் சொன்னதை எடுத்து நீதிபதி உங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும், பொய்யாகச் சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. குறுக்கு விசாரணையும் கிடையாது. ஆனால் சொன்ன பதிலைத் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி இப்படித்தான் வரும்: "அ.சா.3 (அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி) தன் சாட்சியத்தில், சம்பவத்தன்று இரவு பத்து மணிக்கு இறந்தவரையும் உங்களையும் ஒன்றாகப் பார்த்ததாகச் சொல்கிறார். என்ன சொல்கிறீர்கள்?" அரைமணி நேரத்தில் ஐம்பது, அறுபது கேள்விகள் ஓடும். பெரும்பாலானவர்கள் எல்லாவற்றுக்கும் "பொய்", "தெரியாது" என்று சொல்லிவிட்டு, கடைசியில் "பொய் வழக்கு" என்று முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். பாதி வழக்குகளில் அது போதும். அரசுத் தரப்பிடம் உருப்படியான சாட்சியமே இல்லை என்றால் உங்கள் மௌனம் அந்த ஓட்டையை அடைக்காது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலிலிருந்து கடைசி வரை அவர்களுடையது. 313 பதிலை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது.

நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தில் நிற்கும் வழக்கு என்றால் நிலைமை வேறு. மனைவி வீட்டுக்குள் இறந்து கிடக்கிறார், அன்றிரவு கணவர் வீட்டில் இருந்தார் என்பது நிரூபணமாகிவிட்டது. என்ன நடந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட விஷயத்தை விளக்கும் கடமை அவருக்கு உண்டு (சாட்சியச் சட்டத்தின் பழைய 106, புதிய 109). விளக்காமல் இருந்தாலோ, சொன்ன விளக்கம் பொய் என்று தெரிந்தாலோ, அதைச் சூழ்நிலைச் சாட்சியங்களின் சங்கிலியில் கூடுதல் கண்ணியாகச் சேர்க்கலாம் என்று 2006இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 1984இன் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு போட்ட எல்லையையும் கூடவே நினைவில் வையுங்கள்: மற்ற கண்ணிகள் முழுமையாக இருந்தால்தான் இந்தக் கூடுதல் கண்ணிக்கு வேலை. அறுந்த சங்கிலியை மௌனத்தைக் கொண்டு பற்றவைக்க முடியாது.

ஆக, 313 தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது வழக்கறிஞரோடு உட்கார்ந்து சாட்சியங்களைப் பிரியுங்கள். எதற்கு "தெரியாது" போதும், எதற்கு விளக்கம் தேவை? கடைசியாக ஒன்றாகப் பார்த்ததாக ஒரு சாட்சி, உங்களிடமிருந்து கைப்பற்றியதாக ஒரு பொருள், உங்கள் உடம்பில் இருந்த காயம், சம்பவத்துக்குப் பிறகு நீங்கள் ஊரில் இல்லாதது: இந்த நான்குக்கும் உண்மையான விளக்கம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பது வீண் வீரம். வாயால் சொல்லத் தடுமாறுகிறவர்கள் எழுத்துமூலம் வாக்குமூலம் தாக்கல் செய்ய அனுமதி கேட்கலாம். 351(5) அதற்கு இடம் தருகிறது. என்னைக் கேட்டால் எப்போதும் எழுத்துதான். நிதானமாக எழுதிய இரண்டு பக்கம், கூண்டில் நின்று சொன்ன இருபது "தெரியாது"வை விட நீதிபதிக்குப் பயன்படும்.

உங்களிடம் கேட்காத விஷயத்தை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்பது இந்தக் கட்டத்தின் இன்னொரு பக்கம். பத்துச் சாட்சியங்களை ஒரே கேள்வியில் உருட்டிக் கேட்டால் அதை வழக்கறிஞர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், மேல்முறையீட்டில் உதவும்.

முடிந்ததும் பதிவு செய்ததைப் படித்துக் காட்டுவார்கள். களைப்பில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் "எனக்குத் தெரியாது" என்றது "ஆம்" என்று பதிவாகியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லலாம், விடுபட்டதைச் சேர்க்கவும் சொல்லலாம்.

கூண்டில் நீங்களே ஏறுவதா?

அடுத்தது உங்கள் தரப்புச் சாட்சிகள். விரும்பினால் நீங்களே சாட்சியாக ஏறலாம், ஆனால் எழுத்தில் கேட்டால் மட்டுமே. உங்களை யாரும் ஏற்ற முடியாது (பழைய 315, புதிய 353). ஏறினால் சத்தியப் பிரமாணம், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். 313இல் இருந்த பாதுகாப்பு எதுவும் இங்கே கூட வராது. வேறு யாராலும் சொல்ல முடியாத, ஆவணமும் இல்லாத ஒரு விஷயம் உங்கள் வாயால்தான் வர வேண்டும் என்றால் யோசிக்கலாம். காசோலை வழக்குகளில் அப்படி ஏறுவது சாதாரணம். கொலை வழக்கில் ஏறுகிறவர்கள் குறைவு, அதற்குக் காரணம் இருக்கிறது: திறமையான அரசு வழக்கறிஞர் கையில் நாற்பது நிமிடம் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஏறாமல் இருந்தால், "ஏன் ஏறவில்லை" என்று அரசுத் தரப்போ, நீதிமன்றமோ, உங்களோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவரோ கருத்துச் சொல்லவே கூடாது. அதிலிருந்து எந்த அனுமானத்துக்கும் வரக் கூடாது. தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் "எதிரி கூண்டில் ஏறித் தன் நிரபராதித்துவத்தை மெய்ப்பிக்கவில்லை" என்ற மாதிரி வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு மேல்முறையீட்டு வழக்கறிஞரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.